குடை பிடித்த கை

உப்பளங்களுக்கு மேற்கே, பனங்காட்டை ஒட்டி ஒரு சின்ன மடம். அதில் சங்குமணி சாமி இருந்தார். அவருக்கு ஐம்பது வயது. அவருடைய சீடர் பொன்னுலிங்கத்துக்கு அறுபத்திரண்டு. மடத்தில் சேரும்போது ஐம்பத்தைந்து என்று சொல்லியிருந்தார்.

பொன்னுலிங்கம் ஒரு காலத்தில் தொழிற்சங்கத் தலைவர். மேடை ஏறினால் லேசில் இறங்காத மனிதர். சங்கம் இரண்டாக உடைந்தபோது மனம் கசந்து மடத்துக்கு வந்தார். எல்லாவற்றையும் விட்டாயிற்று என்று வருகிறவர்களிடம் சொல்வார். ஆனால் விடியுமுன் எழுந்து, யாருக்கும் தெரியாமல் ஆவாரம்பூப் பொடியைப் பாலில் குழைத்து முகத்தில் பூசிக்கொள்வார். வெறும் வயிற்றில் நெல்லிக்காயும் தேனும். மீசைக்கு மை. பகலில் வெயில் பக்கம் தலைகாட்டுவதில்லை.

ஒரு நாள் காலை சாமி முற்றம் பெருக்கிக்கொண்டிருந்தார். பொன்னுலிங்கம் நிழலாகப் பார்த்து நின்றுகொண்டார்.

"சாமி, ஒரு சந்தேகம்."

"சொல்லும்."

"உடம்பு மூப்பதைத் தள்ளிப்போட வழி உண்டா? சித்தர்கள் கண்டுவைத்திருக்கிறார்கள் என்கிறார்களே."

"எவ்வளவு தள்ள வேண்டும்?"

பொன்னுலிங்கம் கொஞ்சம் தயங்கினார்.

"அடுத்த மாதம் வரைக்குமாவது."

சாமி பெருக்குவதை நிறுத்தினார்.

பொன்னுலிங்கம் இடுப்பிலிருந்து ஒரு நோட்டீஸை எடுத்து நீட்டினார். சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டு விழா. சண்டை போட்டு வெளியே தள்ளியவர்களே வந்து கும்பிட்டு அழைத்திருந்தார்கள். நோட்டீஸின் நடுவில் அவர் படம். தூக்கிய கை, கறுத்த மீசை, சுருக்கமில்லாத நெற்றி.

"இருபத்திரண்டு வருஷத்துக்கு முந்தி எடுத்தது, சாமி. பதினெட்டு நாள் உப்பள வேலைநிறுத்தம். இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வருகிற கூட்டம், மேடையில் ஒரு கிழவனைப் பார்த்தால் என்ன நினைக்கும்? தலைவன் தளர்ந்தால் சங்கமே தளர்ந்ததாகத்தான் முதலாளி நினைப்பான்."

"ஆக, சங்கத்துக்காகத்தான்."

"சங்கத்துக்காகத்தான்."

சாமி படத்தை வெகுநேரம் பார்த்தார்.

"தலைக்கு மேலே என்ன?"

"குடை. சித்திரை வெயில். மூன்று மணி நேரம் பேசினேன்."

"பிடித்திருப்பது யார்?"

"யாரோ ஒரு பெண்பிள்ளை. படத்தை வெட்டியதில் முகம் போய்விட்டது. கைதான் தெரிகிறது."

சாமி நோட்டீஸை மடித்துக் கொடுத்தார்.

"உப்பளத்தில் பேச்சித்தாய் என்று ஒருத்தி இருக்கிறாள். அவளைக் கேளும். நோட்டீஸையும் காட்டும்."

"வெயில் ஏறிவிட்டதே. குடை ஏதாவது..."

"மடத்தில் குடை கிடையாது."

துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பொன்னுலிங்கம் நடந்தார். பாத்திகளில் உப்பு வெளுத்துக் கிடந்தது. மேலே ஒரு வெயில் என்றால் கீழே இருந்து இன்னொரு வெயில் அடித்தது. கண்ணைத் திறக்க முடியவில்லை. பெண்கள் கெண்டைக்கால் அளவு நீரில் நின்று பலகையால் உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள்.

வரப்பு ஓரத்தில் நின்றவளிடம் கேட்டார்.

"பாட்டி, இங்கே பேச்சித்தாய் யாரு?"

பலகை நின்றது. பக்கத்தில் இருந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

"நான்தான். என்ன வேணும்?"

கருவாடாகக் காய்ந்த முகம். இடுங்கிய கண். நரைத்த தலை. இவளுக்கா அந்த வித்தை தெரியும் என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. இருந்தாலும் கேட்டார்.

"சாமி அனுப்பினார். உடம்பு மூப்படையாமல் இருக்க நீங்கள் என்ன பூசுகிறீர்கள் என்று கேட்கச் சொன்னார்."

"நானா? வெயிலைத்தான் பூசுதேன். காலையில ஒரு பூச்சு, மத்தியானம் ரெண்டு பூச்சு."

"ஏட்டி, உப்புத் தண்ணிய விட்டுட்டியே" என்றாள் ஒருத்தி. அளமே சிரித்தது.

பொன்னுலிங்கம் விறைப்பாக நோட்டீஸை எடுத்து நீட்டினார். பேச்சித்தாய் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வாங்கினாள். படத்தைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"அண்ணாச்சியா? அட, பொன்னுலிங்கம் அண்ணாச்சி. அப்படியே இருக்கியளே. ஒரு நாள்கூடக் கூடலயே உங்களுக்கு."

அவருக்கு உள்ளே குளிர்ந்தது. "என்னைத் தெரியுமா?" என்றார்.

"தெரியாதா? இந்தக் கை என் கைதானே."

படத்தின் மேல் மூலையைத் தொட்டாள். குடைக்காம்பைப் பற்றியிருந்த கை, இளங்கத்தரிக்காய்போல் மினுமினுத்தது. தொட்ட விரலில் நகம் அரித்துப் போயிருந்தது. தோல் வெடித்து, வெடிப்புக்குள் உப்பு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது.

"உனக்கு... என்ன வயசு?"

"அப்ப பத்தொன்பது. இப்ப நாப்பத்தொண்ணு."

அவர் அவளுடைய நரைத்த தலையைப் பார்த்தார்.

"நாலு கோரிக்கை சொல்லி உக்காந்தோம். மூணு கெடைச்சுது. கூலி கூடுச்சு, செருப்பு குடுத்தாவ, குடிக்கத் தண்ணி வந்துச்சு. நெழலுக்கு ஒரு கொட்டகைதான் இல்லன்னுட்டாவ. அதைப் பொறவு பாத்துக்கிடலாம்னு சொல்லிக் கையெழுத்துப் போட்டிய. உங்களத் தோளுலயில்ல தூக்கிட்டுப் போனோம்."

அவள் குரலில் குறை இல்லை. நல்ல நாளொன்றைச் சொல்லும் குரல்தான். அவருக்கு அந்தத் தோள்கள் நினைவிருந்தன. மாலைகள் நினைவிருந்தன. கொட்டகை என்ற ஒன்று நினைவில் இல்லவே இல்லை.

"அண்ணாச்சி, மீசையில இருந்து என்னமோ கறுப்பா வழியுது. வெயில் உங்களுக்கு ஒத்துக்கிடல."

சொல்லிக்கொண்டே அவள் இரண்டடி நகர்ந்து வெயில் பக்கமாக நின்றாள். அவளுடைய நிழல் அவர் முகத்தில் விழுந்தது.

பொன்னுலிங்கத்துக்கு அந்த நிழலில் நிற்க முடியவில்லை. ஓடவும் முடியவில்லை. வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் வரப்பில் திரும்பி நடந்தார். துண்டு நழுவி விழுந்தது. எடுக்கவில்லை.

மடத்துக்கு வந்தபோது மை தாடை வரை வழிந்திருந்தது. சாமி ஒரு செம்பு தண்ணீர் கொடுத்தார். அவர் முகத்தைக் கழுவவில்லை. செம்பைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார்.

"கேட்டீரா?"

"கேட்டேன்."

"அவளுக்கு வயசு என்னவாம்?"

"நாற்பத்தொன்று."

"நீர் எத்தனை இருக்கும் என்று நினைத்தீர்?"

பொன்னுலிங்கம் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு அறுபத்திரண்டு, சாமி" என்றார்.

"தெரியும்."

"விழாவுக்கு நான் போகவில்லை."

"ஏன்?"

"எந்த முகத்தை வைத்துக்கொண்டு போவேன்? அந்த மேடையில் பந்தல் போட்டிருப்பார்கள், சாமி. அளத்தில் நிழலுக்கு ஒரு கொட்டகை இல்லை."

சாமி துடைப்பத்தை மறுபடி எடுத்துக்கொண்டார்.

"அது இருக்கட்டும். கொட்டகைக்கு எத்தனை ஓலை வேண்டும் என்று அவளைக் கேட்டீரா?"

பொன்னுலிங்கம் கேட்டிருக்கவில்லை.