கம்பேஷனோடு வந்த கடிதம்

கரட்டின் உச்சியில் பூவாத்தாளின் மடம். அடிவாரத்துப் புறம்போக்கில் கல்லுடைப்பவர்களின் முப்பது குடிசைகள். பூவாத்தாளும் ஒரு காலத்தில் அங்கே கல்லுடைத்தவள்தான். இப்போது வயது நாற்பத்தைந்து. அவளுடைய சீடர் அர்த்தநாரிக்கோ அறுபத்துமூன்று. கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்றவர்.

ஒரு திங்கட்கிழமை குடிசைக்காரர்கள் அரசாங்கத்திலிருந்து வந்த ஆங்கிலக் கடிதம் ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே வந்தார்கள். அர்த்தநாரி படித்துச் சொன்னார்.

"மூணு நாளில் காலி செய்யணுமாம். உங்க நிலைமையை மிகுந்த கம்பேஷனோடு பரிசீலித்தார்களாம்."

"அப்படின்னா என்னங்க?" என்றாள் வீராயி. கல்தூசு தின்ற நெஞ்சு. கேட்டு முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அர்த்தநாரி இரக்கம் என்றார். இல்லை, பரிவு என்றார். கருணை என்றும் சொல்லலாம் என்றார். எந்தச் சொல்லும் அந்தக் கடிதத்துக்குள் உட்கார மறுத்தது. பூவாத்தாளிடம் திரும்பினார்.

"ஆத்தா, முப்பத்தஞ்சு வருஷம் பாடம் நடத்தினேன். இவங்களுக்கு இந்த ஒரு வார்த்தையைச் சொல்ல வரலியே. இதுக்கு என்னதான் அர்த்தம்?"

"அது எங்கே பொறந்த வார்த்தைங்க வாத்தியாரே?"

"லத்தீன். ரெண்டு சொல்லை ஒட்டினது. ஒண்ணு, 'கூட'. இன்னொண்ணு, 'துன்பப்படறது'."

"சேர்த்துச் சொல்லுங்க."

"கூடவே துன்பப்படறது."

பூவாத்தாள் மடத்துக் கதவைச் சாத்தினாள். வீராயியின் கையைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினாள். அன்று முதல் அவளுக்குச் சோறும் படுக்கையும் வீராயியின் குடிசையில்தான். அர்த்தநாரி மட்டும் தினமும் வந்து பார்ப்பார். பொழுது சாய்வதற்குள் மேலே போய்விடுவார். வழக்கு, ஸ்டேஷன் என்றாலே அவருக்குச் சின்ன வயசிலிருந்து நடுக்கம்.

வியாழக்கிழமை காலை பொக்லைன் வந்தது. பின்னாலேயே வந்த ஜீப்பிலிருந்து அதிகாரி இறங்கினார்.

"அம்மா, உங்க மடத்துமேல கை வைக்க மாட்டோம். நீங்க மேலே போயிடுங்க. இந்த ஜனங்கமேல எங்களுக்கும் கம்பேஷன் இருக்கு."

"இருக்கட்டுங்க."

"இங்கே வீடு இல்லாதவங்க விலகணும். மறிச்சா கேஸ்தான்."

அவள் அசையவில்லை.

"உங்களுக்கு இங்கே ஏதும்மா வீடு?"

"மொதல்ல எதை இடிக்கப் போறீங்க?"

அவர் வீராயியின் குடிசையைக் காட்டினார்.

"அதுதாங்க."

அதிகாரிக்கு முகம் சிவந்தது. அர்த்தநாரியின் பக்கம் திரும்பினார்.

"சார், பார்த்தா படிச்சவர் மாதிரி இருக்கீங்க. உங்களுக்கு இங்கே என்ன வேலை?"

அர்த்தநாரி பூவாத்தாளைப் பார்த்தார். அவளோ அவரைப் பார்க்கவே இல்லை. இருமிக்கொண்டிருந்த வீராயியின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவர் பொக்லைனைச் சுற்றிக்கொண்டு நடந்து போய், பக்கத்துக் குடிசையின் வாசலில் சப்பென்று உட்கார்ந்தார்.

"என் வீடு இதுங்க" என்றார். குரல் பிசிறியது.

ஒருவர் பின் ஒருவராக எல்லாரும் அவரவர் வாசலில் உட்கார்ந்தார்கள். பொக்லைன் ஓட்டுநர் எஞ்சினை அணைத்தார். சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டார். அதிகாரி கத்திப் பார்த்தார். ஓட்டுநர் மறுபடி ஏறவில்லை.

"நாளைக்குப் போலீஸோட வர்றேன்."

"வாங்க" என்றாள் பூவாத்தாள். "வீட்லதான் இருப்போம்."