ரெமிஜியுஸ் விட்டுக்கொடுத்த கப்பல்

கதை கேட்பவர்களிடம் முதலில் தீர்ப்புக் கேட்டுவிட்டு, பிறகு விடை சொல்லும் கதை இது. அவசரப்படாமல் கேளுங்கள்.

மங்கையர்க்கரசியும் ரெமிஜியுசும் கடற்படைப் பயிற்சிக்கு ஒரே நாளில் சேர்ந்தவர்கள். லெப்டினன்ட் கமாண்டர் வரை சேர்ந்தே உயர்ந்தார்கள். அடுத்தது கமாண்டர் பதவி. அதற்குத் தேர்வுக் குழு ஒருவரை மூன்று முறைதான் பரிசீலிக்கும். மூன்றிலும் தேறாதவர் கடைசிவரை இருக்கும் பதவியிலேயே இருக்க வேண்டியதுதான். இருவருக்கும் அடுத்து வருவது மூன்றாவது முறை.

அரசிக்கு அப்போது தலைமையகத்தில் வேலை. ஒரு கப்பலுக்குத் தலைமை தாங்கிக் கடலுக்குப் போய் வந்தவர்களை மட்டுமே இனி குழு ஏற்கும் என்று புதிய விதி ஒன்று அங்கே தயாராகிக்கொண்டிருந்தது. அறிவிப்பு வரும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாது என்று மேலதிகாரி அவளிடம் வாக்கு வாங்கியிருந்தார்.

அந்தச் சமயத்தில் ஒரு ரோந்துக் கப்பலின் தலைமைப் பொறுப்பு ரெமிஜியுசுக்கு வந்தது. அதே வாரம் தூத்துக்குடியில் அவன் அம்மா பக்கவாதத்தில் விழுந்தார். அவன் ஒரே பிள்ளை. நேராக அரசியிடம் வந்தான்.

“இந்தத் தடவை எனக்குப் பதிலா நீ போறியா, அரசி? எனக்கு அடுத்த கப்பல் கிடைக்காமலா போயிடும்?”

விஷயம் அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. கொடுத்த வாக்கு நினைவுக்கு வந்தது. வாக்கு மட்டுமா? தனக்கும் இதுவரை கப்பல் கிடைக்கவில்லை என்பதும் கூடவே வந்தது.

“சரி, போறேன். நீ அம்மாவைப் பாரு” என்றாள். அவன் கண்கலங்கி நன்றி சொன்னான். அந்த நன்றியைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை.

மேலிடமும் இந்த மாற்றத்துக்கு ஒப்புக்கொண்டது. அவள் கடலில் இருந்தபோது விதி வெளியானது. அவள் திரும்பிய பிறகு கூடிய குழு அவளைத் தேர்ந்தெடுத்தது, கப்பலுக்குத் தலைமை தாங்காத ரெமிஜியுசைக் கைவிட்டது. வேலையை உதறிவிட்டுப் போகவும் அவனுக்கு வழியில்லை. கடற்படைச் செலவில் வெளிநாட்டுப் பயிற்சி பெற்றதால், ஒப்பந்தப்படி இன்னும் சில ஆண்டுகள் பணியாற்றியே ஆக வேண்டும்.

அரசி தூத்துக்குடிக்குப் போனாள். விடுப்பில் இருந்த ரெமிஜியுஸ் அம்மாவைக் கைத்தாங்கலாக நடக்கவைத்துக்கொண்டிருந்தான். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு வாசலுக்கு வந்தவனிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

அவன் திரும்பி நாற்காலியில் இருந்த அம்மாவைப் பார்த்தான்.

“தெரிஞ்சிருந்தாலும் ஊருக்குத்தான் வந்திருப்பேன்” என்றான். “ஆனா, தெரிஞ்சு வந்திருப்பேன்.”

“எனக்குப் பதவி வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன், ரெமி.”

“குடுத்தா அது எனக்கா வரப்போகுது? உனக்குத் தூக்கம் வரும். அவ்வளவுதான்.”

இப்போது சொல்லுங்கள்: வாக்கைக் காப்பாற்றிய அரசி செய்தது சரியா? தவறென்றால், அவள் தவறியது எந்த இடத்தில்?

விடை: வாய் திறக்காதது தவறில்லை, அது அவள் ஏற்ற கடமை. அவன் தெரியாமல் இழப்பதைத் தன் லாபமாக்கி, அந்தக் கப்பலைத் தானே வாங்கிக்கொண்டதுதான் தவறு. “என்னால முடியாது, வேற யாரையாவது கேளு” என்று சொல்ல எந்த வாக்கும் அவளைத் தடுக்கவில்லை. பதவியைத் துறந்தாலும் அந்தத் தவறு நேராகாது என்று ரெமிஜியுஸ் சொன்னதும் சரிதான். அரசி பதவியை ஏற்றாள். அதற்குரிய கூடுதல் பணி ஆண்டுகளுக்கும் கையெழுத்திட்டாள். மறு வருடம் ரெமிஜியுஸ் அவளுக்குக் கீழேயே பணிக்கு வந்தான். குறையே சொல்ல முடியாதபடி சல்யூட் அடித்து, “குட் மார்னிங், மேடம்” என்றான். அவள் பதிலுக்குச் சல்யூட் அடித்தாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.