குளத்துக் காவலும் கீரியின் கேள்வியும்

ஒரு காட்டில் ஒரு குளம் இருந்தது. அந்தக் குளத்துக்குக் காவல் போட்டு நடத்திவந்தது ஒரு கீரி.

நீங்கள் கீரியைப் பார்த்திருக்கிறீர்களா, பிள்ளைகளே? நின்ற இடத்தில் நிற்காது. அதிலும் இந்தக் கீரி உட்கார்ந்து யாரும் பார்த்ததே இல்லை. சாப்பிடும்போதுகூட நடந்துகொண்டேதான் சாப்பிடும்.

காவலுக்கு மூன்று பேர்: மந்தி, அணில், ஆட்காட்டிக் குருவி. விடிந்ததும் மூவரும் குளக்கரைப் பாறைக்கு வந்துவிட வேண்டும். பொழுது சாயும்வரை அங்கேயே உட்கார்ந்து, சிறுத்தை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் கத்த வேண்டும். தண்ணீர் குடிக்க வருகிறவர்கள் அதற்காகப் பழமோ கிழங்கோ வைத்துவிட்டுப் போவார்கள். கீரி அதைப் பங்கு போட்டுக் கொடுக்கும்.

மூவரும் சிறுத்தை வரும் வழியைப் பார்ப்பார்கள். கீரி பின்னால் நடந்தபடி மூவரின் முதுகையும் பார்க்கும். தன் வேலை அதுதான் என்று அது நினைத்திருந்தது.

அந்த வருஷம் மழை பிடித்துக்கொண்டது. குளம் நிரம்பிப் பாறை முழுகிவிட்டது. வேறு வழியில்லாமல் மந்தி தன் நாவல் மரத்திலிருந்தும், அணில் தன் இலுப்பை மரத்திலிருந்தும், ஆட்காட்டி தன் மணல்மேட்டிலிருந்தும் காவல் பார்த்தன. பாறையிலிருந்து பார்த்தால் ஒரு பக்கம்தான் தெரியும். இப்போது மூன்று பக்கமும் தெரிந்தது. சிறுத்தை எந்தப் பக்கம் தலைகாட்டினாலும் உடனே சத்தம் வந்தது. மழைக்காலம் முழுக்க ஒரு மான்குட்டிகூடப் பறிபோகவில்லை.

மழை விட்டது. பாறை வெளியே தெரிந்தது.

"நாளையிலேருந்து எல்லாரும் பாறைக்கு வந்துடுங்க" என்றது கீரி.

"எதுக்கு அண்ணே?" என்றது அணில். "அங்கே உட்கார்ந்தா மந்தி மாமாவோட முதுகுதான் எனக்குத் தெரியும். சிறுத்தையை எங்கே பார்க்கிறது, பேனைத்தான் பார்க்கணும்."

"உன் முதுகுல பேன் உட்காரக்கூட இடமில்லை. நீ பேசறியா?" என்றது மந்தி.

ஆட்காட்டி கொஞ்சம் யோசித்து ஒரு வழி சொன்னது. "அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் பாறையில கூடிப் பேசுவோம் அண்ணே. மத்த நாள் அவங்கவங்க இடத்துலேயே இருந்து பார்க்கிறோம். காவல்ல குறை வந்தா அப்போ கேளுங்க."

கீரி சரி என்று தலையை ஆட்டிவைத்தது.

ஆனால் மனசு கேட்கவில்லை. காலியான பாறையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாக நடந்தது. 'மந்தி இப்போ தூங்குதோ?' நாவல் மரத்துக்கு ஓடியது. மந்தி விழித்துத்தான் இருந்தது. 'இந்நேரம் அணில் பழம் பொறுக்கப் போயிருக்குமோ?' இலுப்பைக்கு ஓடியது. அணில் கிளை நுனியில் உட்கார்ந்து புதரையே பார்த்துக்கொண்டிருந்தது. 'நான் இங்கே நிக்கிறது தெரிஞ்சு ஆட்காட்டி எங்கேயாவது கிளம்பியிருந்தா?' மணல்மேட்டுக்கு ஓடியது. ஆட்காட்டி அங்கேதான் இருந்தது. திரும்பிப் பாறைக்கு வருவதற்குள் மறுபடி மந்தியின் நினைப்பு வந்துவிட்டது.

கால் வீங்கிப்போனதும் கீரி ஒரு சட்டம் போட்டது.

"நான் பாறையிலேருந்து 'இருக்கியா'ன்னு கேட்பேன். கேட்ட உடனே 'இருக்கேன்'னு பதில் வரணும். வரலேன்னா அன்னிக்குப் பங்கு கிடையாது."

முதலில் எப்போதாவது கேட்டது. பிறகு அடிக்கடி கேட்டது. போகப் போக, மூச்சு விடுவதும் கேள்வி கேட்பதும் அதற்கு ஒன்றாகிப்போனது.

ஆட்காட்டி பொறுக்கமுடியாமல் பாறைக்கே பறந்து வந்தது. "அண்ணே, புல்லு அசையுதான்னு பார்த்துக்கிட்டிருக்கும்போது உங்க சத்தம் வருது. பதில் சொல்லிட்டுத் திரும்பினா எந்தப் புல்லு அசைஞ்சதுன்னு தெரியலை. நான் புல்லைப் பார்க்கவா, உங்களுக்குப் பதில் சொல்லவா?"

"ரெண்டையும் செய்" என்றது கீரி. "அது கிடக்கட்டும். நீ இங்கே நிக்கிறியே, மணல்மேட்டுல இப்போ யாரு இருக்கா?"

ஆட்காட்டி மணல்மேட்டுக்குத் திரும்பிப் பறந்தது.

மந்தி வேறு வழி பார்த்தது. பக்கத்துப் புங்க மரத்தில் ஒரு மைனா இருந்தது. யார் குரலில், எந்தத் திசையிலிருந்து வருவதுபோல் பேசச் சொன்னாலும் பேசும்.

"என் குரல்ல 'இருக்கேன்'னு சொல்லுவியா?" என்று கேட்டது மந்தி.

"குரல் என்ன பெரிய குரல்? உன் கொட்டாவியைக்கூட விடுவேன். எனக்கு என்ன தருவே?"

"என் பங்குல பாதிப் பழம்."

அன்றிலிருந்து மந்திக்குப் பதில் மைனாதான் 'இருக்கேன்' சொன்னது. மறுநாள் அணிலும் சேர்ந்துகொண்டது. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஆட்காட்டியும் கடைசியில் சேர்ந்தது.

முதலில் மூவரும் நிம்மதியாகக் காவல் பார்த்தார்கள். ஆனால் பதில் அதுபாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. என்ன பார்த்தாய் என்று கேட்க ஆளில்லை. மந்திக்கு மதியத்தில் கண் சொக்கியது. அணில் பழம் பொறுக்க இறங்கியது. ஆட்காட்டியும், கொஞ்ச நேரம்தானே என்று, ஓடைக்கு அந்தப்பக்கம் இட்டிருந்த முட்டைகளைப் பார்த்துவரக் கிளம்பியது.

கீரியோ பூரித்துப்போனது. இப்போதெல்லாம் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடுகிறதே. ஆனாலும் நடையை நிறுத்தவில்லை. ஒரு பதில் காதில் விழுந்ததுமே அடுத்த சந்தேகம் முளைத்துவிடும்.

ஒரு நாள் ஒரு மான் தன் குட்டியோடு வந்தது. போன கோடையில் ஒரு குட்டியைச் சிறுத்தைக்குப் பறிகொடுத்த தாய் அது. பயத்தில் அதற்குக் கால் தரையில் பாவவில்லை.

"கீரியண்ணே, காவல் நல்லா இருக்கா? இவன் இன்னிக்குத்தான் முதமுதலா தண்ணிக்கு வர்றான். கால் இன்னும் திடப்படலை. ஓடச் சொன்னா விழுந்துடுவான்."

"நீயே கேளு தங்கச்சி" என்றது கீரி. "மந்தி, இருக்கியா?"

"இருக்கேன்."

"அணிலே, இருக்கியா?"

"இருக்கேன்."

"ஆட்காட்டி?"

"இருக்கேன்."

"பார்த்தியா? இப்படி ஒரு காவலை நீ எந்தக் காட்டுலேயும் பார்க்க முடியாது."

மான் இழுத்துப் பிடித்திருந்த மூச்சை விட்டது. குட்டி தள்ளாடி இறங்கித் தண்ணீரில் வாய் வைத்தது.

பக்கத்துக் கோரைப்புல் அசைந்தது. அப்போது காற்றே இல்லை.

"மந்தி, அங்கே என்ன தெரியுது?" என்றது கீரி.

"இருக்கேன்."

"நீ இருக்கேங்கிறது தெரியும்பா. புல்லுக்குள்ளே யாரு?"

"இருக்கேன்."

"அணிலே, சிறுத்தையா பாரு."

"இருக்கேன்."

"ஆட்காட்டி, நீயாவது சொல்லும்மா."

"இருக்கேன்."

கீரியின் முதுகு மயிர் சிலிர்த்து நின்றது. "ஓடுங்க, ஓடுங்க" என்று கத்திக்கொண்டே அது பாறையிலிருந்து குதித்தது. புல்லைப் பிளந்துகொண்டு சிறுத்தை பாய்ந்தது. குட்டி ஓடப் பார்த்து, கால் மடங்கி விழுந்தது. சிறுத்தையின் நகம் அதன் தொடையைக் கிழித்தது. அதற்குள் கீரி சிறுத்தையின் காலைக் கவ்விப்பிடித்தது. சிறுத்தை உதறிய உதறலில் கீரி போய்ப் பாறையில் மோதி விழுந்தது. அந்த நேரம் போதும், தாய் மான் குட்டியை முட்டித் தள்ளிக்கொண்டு முட்புதருக்குள் நுழைந்துவிட்டது.

இரை தப்பிய சிறுத்தை உறுமிக்கொண்டே காட்டுக்குள் போனது. அலறல் கேட்டு மூவரும் ஓடி வந்தார்கள். நடந்தது தெரிந்ததும் மந்திக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"எல்லாருமாச் சேர்ந்து என்னை ஏமாத்திட்டீங்க" என்றது கீரி.

"ஏமாத்தினது தப்புதான் அண்ணே" என்றது ஆட்காட்டி. "ஆனா ஒரு நாளாவது 'என்ன தெரியுது'ன்னு நீங்க கேட்டிருந்தா, எங்களுக்குப் பதிலாக் குரல் கொடுத்த மைனா அன்னிக்கே மாட்டியிருக்கும்."

கீரி அதைக் காதில் வாங்கவில்லை. அதன் கண் கரையில் இருந்தது. அலறல் கேட்டு வந்த மான் கூட்டம், தாயையும் குட்டியையும் சேர்த்துக்கொண்டு, மலைக்கு அப்பால் உள்ள சுனைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. அவை போனால் மற்றவர்களும் போய்விடுவார்கள். கீரி நொண்டிக்கொண்டே பின்னால் ஓடியது.

"தங்கச்சி, போகாதே. நாளையிலேருந்து மூணு பேரையும் பாறையிலேயே உட்கார வைக்கிறேன். என் கண்ணு முன்னாடியே இருப்பாங்க."

தாய் மான் நின்றது. குட்டியின் காயத்தை நக்கிவிட்டு, தலையை நிமிர்த்திக் கீரியைப் பார்த்தது.

"அவங்க உங்க கண்ணு முன்னாடி இருக்கட்டும் அண்ணே. சிறுத்தை யாரு கண்ணு முன்னாடி இருக்கும்?"

பதிலுக்காக அது காத்திருக்கவில்லை. குட்டியை முன்னால் விட்டு, அதன் நடைக்குத் தக்கபடி மெதுவாக மலை ஏறத் தொடங்கியது.

நீதி: வேலை நடக்கிறதா என்று பாராமல் ஆள் இருக்கிறாரா என்றே கேட்டுக்கொண்டிருந்தால், கடைசியில் பதில் மட்டும்தான் மிஞ்சும்.