பிள்ளையார் குடிபுகுந்த கழிப்பறை

தில்லைநாயகம் மடத்துக்குள் நுழைவதற்கு முன்பே அவர் குரல் நுழைந்துவிட்டது.

"தாயே, கொடுத்தாலும் வாங்கிக்கத் தெரியாத சனத்தை என்ன செய்ய?"

மடத்தின் குரு சடையம்மை கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். சீடர் தில்லைநாயகம் குருவைவிட வயதில் மூத்தவர். அரிசி ஆலை முதலாளி. ஞானம் தேடித்தான் மடத்துக்கு வந்தார். வந்த நாளிலிருந்து மடத்துச் சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதை அவரே முடிவு செய்துவருகிறார்.

"யார் வாங்கலை?"

"பாறைக்குளத்துப் பொம்பளைங்க. முள்ளுக்காட்டுக்குப் போய்க் கஷ்டப்படுறாங்களேன்னு என் செலவுல கழிப்பறை கட்டிக் கொடுத்தேன். பஸ்ஸுல போறவன்கூடத் திரும்பிப் பார்ப்பான், அவ்வளவு அழகு. ஒருத்திகூடப் போகலை."

"வாசல் எந்தப் பக்கம்?"

"சாலையைப் பார்த்துதான். எதிர்லயே டீக்கடை. எந்நேரமும் ஆள் இருக்கும்."

டீக்கடையே பார்த்துக்கொண்டிருக்க எந்தப் பெண் அதற்குள் போவாள் என்று சொல்ல ஊரில் ஆள் இல்லாமல் இல்லை. ஊரில் பாதிப்பேர் இருந்தார்கள். பெண்கள் என்பதால் அவர்களைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

"ஆம்பளைங்க?"

"அவங்களும் உள்ளே போகலை. வெளிச்சுவர்லயே நின்னு முடிச்சுட்டுப் போனாங்க. அதைத் தடுக்கச் சுவரெல்லாம் சாமி படம் போட்ட டைல்ஸ் ஒட்டினேன். பிள்ளையார், மாதா, மசூதி, மூணும். என்கிட்ட பாரபட்சமே கிடையாது."

"அடங்கினாங்களா?"

"அடங்கினாங்க. இப்போ சூடம் ஏத்துறாங்க."

சடையம்மை பலாச்சுளையைக் கவனமாகப் பார்த்தார். சிரிப்பு வந்தால் அவர் எதையாவது கவனமாகப் பார்ப்பார்.

"இன்னும் கொஞ்சம் பணம் இதுக்குன்னே ஒதுக்கி வச்சிருந்தேன் தாயே. அங்க பெண்கள் சங்கத்துத் தலைவி, பேச்சித்தாய்னு ஒருத்தி, சொல்லி அனுப்புறா. பணத்தைச் சங்கத்துக்கிட்ட கொடுங்க, எந்த இடம், எந்தப் பக்கம் வாசல்னு நாங்களே பேசிக் கட்டிக்கிறோம்னு. பணத்தைக் கையில கொடுக்கணுமாம்! அதான் முடிவு பண்ணிட்டேன். நாளைக்குக் கொத்தனார் வர்றான். அந்தப் பணத்துல ஊர் முகப்புல ஒரு வளைவு கட்டிடுறேன். வளைவுன்னா யாரும் உபயோகப்படுத்தணும்னு கட்டாயமில்லை பாருங்க."

சடையம்மை ஒரு இலை நிறையச் சுளைகளை அவர் முன் வைத்தார்.

"சாப்பிடு."

சாப்பிட்டார். இன்னொரு இலை வந்தது.

"போதும் தாயே."

"கொடுக்கிறவளுக்குத் தெரியாதா, உனக்கு எவ்வளவு வேணும்னு?"

குரு கொடுப்பதை மறுக்கும் வழக்கம் அந்த மடத்தில் இல்லை. அதையும் சாப்பிட்டார். அதற்கு மேல் ஒரு பெரிய செம்பு நிறைய மோர் வந்தது.

"என் வயித்துக்கு ஒத்துக்காது தாயே."

"நல்லதுதானே கொடுக்கிறேன்? குடி. குடிச்சுட்டுக் கிளம்பு, பாறைக்குளம் போவோம்."

பஸ் பாதி தூரம் போவதற்குள் தில்லைநாயகத்தின் முகம் மாறிவிட்டது. பாறைக்குளத்தில் நின்றதும் அவர்தான் முதலில் இறங்கினார். நேராகத் தன் கழிப்பறையை நோக்கி நடந்தார். நடை என்று அதைச் சொல்ல முடியாது.

வாசலில் கோலம் போட்டிருந்தது. பிள்ளையாருக்குப் புது மாலை.

"முதலாளி, செருப்பு!" என்று பதறினான் டீக்கடைக்காரன்.

தூக்கிய காலோடு நின்றார். முதலாளி சாமி கும்பிட வந்திருக்கிறார் என்று டீக்கடையில் இருந்த அத்தனை பேரும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து அவருக்குப் பின்னால் கைகூப்பி நின்றார்கள். ஒருவன் மணியும் அடித்தான்.

ஆண்பிள்ளைக்கு என்ன, ஒரு மரம் போதாதா என்று கேட்பீர்கள். இது மரத்தடியில் நின்று தீரும் காரியமல்ல.

"தாயே," என்று கிசுகிசுத்தார், "இத்தனை பேர் பார்க்க எப்படி உள்ளே போறது?"

"என்னை ஏன் கேட்கிற? ஊர்ல கேளு."

அதற்குள் பேச்சித்தாய் வந்துவிட்டாள். அவளோடு சங்கத்துப் பெண்கள். தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்த அவள் மகள் வடிவு, இடுப்பில் கை ஊன்றிக்கொண்டு பின்னால் வந்தாள்.

"வாங்க முதலாளி. வளைவுக்கு இடம் பார்க்க வந்தீங்களா?"

"அம்மா... நீங்கல்லாம் எங்க போவீங்க?"

"எதுக்கு?"

அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

"ஓ. முள்ளுக்காட்டுக்கு. ஆனா பொழுது சாயணும். பகல்ல போனா ஆள் பார்க்கும்."

"பொழுது சாயுற வரைக்கும்?"

"பல்லைக் கடிச்சுக்கணும். என் மக எட்டு மாச வயித்தோட கடிச்சுக்கிட்டு இருக்கா. உங்களுக்கு என்ன?"

"மதியத்துக்கு மேல நாங்க தண்ணியே குடிக்கமாட்டோம்," என்றாள் ஒருத்தி. "நீங்க எதைக் குடிச்சுத் தொலைச்சீங்க?"

சடையம்மை வானத்தைக் கவனமாகப் பார்த்தார்.

"பாவம்டி," என்றாள் பேச்சித்தாய். "முதலாளிக்கு நாம ஒண்ணு கட்டிக் கொடுப்போம்."

"கட்டலாம்தான். சலவைக்கல்லா, மொசைக்கா?"

"எதுன்னாலும் பஸ்ல இருந்து பார்த்தாத் தெரியணும்."

"திறப்பு விழா எப்போ?"

"ஆடி மாசத்துல எப்படித் திறக்கிறது? ஆவணி பிறக்கட்டும்."

"ஆவணியா!" தில்லைநாயகம் அலறிவிட்டார். "சலவைக்கல்லும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம்! ஆள் கண்ணுல படாத இடம், உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளித் தண்ணி! மனுஷனுக்கு வேற என்னம்மா வேணும்?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள்.

"நம்ம சங்கத்துத் தீர்மானத்தை முதலாளிக்குப் படிச்சுக் காட்டினது யாருடி?" என்றாள் பேச்சித்தாய்.

அப்புறம் பேச்சு இல்லை. மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒருத்தி குழி வெட்டினாள். நாலு கம்பு நட்டார்கள். யாரோ வீட்டுக்கு ஓடிப் போய்ச் சேலைகள் கொண்டுவந்து சுற்றிக் கட்டினார்கள். வாளி வந்தது. தாழ்ப்பாள் இல்லை. அதற்குப் பதிலாகப் பேச்சித்தாய் முதுகைக் காட்டிக்கொண்டு காவல் நின்றாள்.

தில்லைநாயகம் வெளியே வந்தபோது, பல வருடத் தியானத்தில் கிட்டாத சாந்தம் அவர் முகத்தில் இருந்தது.

"வளைவு வேண்டாம்மா," என்றார். "பணம் உங்க சங்கத்துக்குத்தான். இடம், வாசல் எல்லாம் நீங்களே முடிவு பண்ணுங்க."

"நாளைக்குக் கொத்தனார் வர்றாராமே?"

"வரட்டும். நீங்க சொல்ற வேலையைச் செய்யட்டும்."

பேச்சித்தாய் கம்பில் கட்டிய முடிச்சை அவிழ்க்கப் போனாள்.

"அம்மா, அதை அவுக்காத," என்றாள் வடிவு. குழிக்குள் கொஞ்சம் மண் தள்ளச் சொன்னாள். வாளியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு உள்ளே போனாள். பட்டப்பகல்.

திரும்பும் பஸ்ஸுக்காக நின்றபோது தில்லைநாயகம் இரண்டு முறை தொண்டையைச் செருமினார்.

"தாயே, ஒரே ஒரு ஆசை. அவங்க கட்டப் போறதுல என் பேர் போட்டு ஒரு கல். சின்னதா இருந்தாக்கூடப் போதும்."

"உன்னைச் சுத்திக் கட்டினாங்களே, அந்தச் சேலையெல்லாம் யாருது?"

அவர் யோசித்தார்.

"தெரியலையே தாயே."

"காரியம் ஆச்சில்ல?" என்றார் சடையம்மை.