மூஞ்சி படியும் டிவி

ஒத்தப்பனைமேட்டில் மாட்டுத் தரகர்கள் மூன்று பேர் இருந்தார்கள். மூன்று பேருக்கும் சேர்த்துப் புத்தி ஒன்றுதான். சந்தையில் கூட்டம் ஜாஸ்தி, யாராவது அடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று அதையும் வீட்டிலேயே வைத்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்.

மூவருக்கும் தலை செங்கோடன். அவனுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மூன்றாம் வகுப்போடு உறவு அறுந்துபோனது. பதினாறு வயதில் முதல் காளை வாங்கினான். "வாலைப் பாருங்க, சாமரம் மாதிரி" என்று விற்றவன் புகழ்ந்தான். வீட்டுக்கு வந்து குளிப்பாட்டினால் வால்முடி பாதி கையோடு வந்துவிட்டது. அத்தனையும் சவுரி.

அன்றைக்குச் செங்கோடன் இரண்டு சட்டம் போட்டான். விற்கிறவன் எதைப் புகழ்கிறானோ அது கோளாறு. எதைக் கோளாறு என்று அவனே சொல்கிறானோ, அதில்தான் பெரிய சரக்கை ஒளித்து வைத்திருக்கிறான். இது முதல் சட்டம். விற்கிறவன் வாயிலிருந்து எந்த எண் வந்தாலும் அதைக் குறைக்காமல் விடக்கூடாது. இது இரண்டாவது. மாட்டு விஷயத்தில் இந்தச் சட்டங்கள் அவனுக்குச் சோறு போட்டன, மாடி வீடும் கட்டிக்கொடுத்தன. டிவி விஷயத்தில் என்ன செய்தன என்பதுதான் கதை.

செங்கோடனுக்கு ஓர் அக்கா, பாவாயி. அவளுடைய ஒரே மகன் பூவரசு கபடி ஆட்டக்காரன். ஊர் ஊராக ஆடப் போனவன், இரண்டு வருஷமாக வீட்டுப் பக்கம் தலைகாட்டவில்லை. வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு அவன் ஆடும் இறுதி ஆட்டம் டிவியில் வரப்போகிறது என்று சேதி வந்தது.

பாவாயி தம்பி வீட்டு வாசலில் வந்து மூக்கைச் சிந்தினாள்.

"செல்போன்ல பாத்தா எறும்பாட்ட ஓடறான் செங்கோடா. மூக்கு எது, முழி எதுன்னு தெரியல. பெத்த பையன் மூஞ்சிய ஒருதரம் பெருசா, ஆசை தீரப் பாக்கோணும். அதுக்கு ஒரு வழி பண்ணு."

"ஞாயித்துக்கெழமைக்குள்ள நம்ம வாசல்ல டிவி நிக்கும்க்கா. இல்லாட்டி இந்த மீசைய எடுத்துப் போட்டுட்டு ஊரைச் சுத்தி வர்றேன்" என்றான் செங்கோடன். சொல்லும்போதே கோபம் வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் செங்கோடன், அர்த்தனாரி, நஞ்சப்பன் மூவரும் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போய், கண்ணாடிக் கதவு வைத்த கடைக்குள் நுழைந்தார்கள். சுவர் முழுக்க டிவிகள். எல்லாவற்றிலும் ஒரே மீன் நீந்திக்கொண்டிருந்தது.

"அறுபது டிவி, ஒரே மீனு. வாங்கினாச் சண்டை வராதா?" என்றான் நஞ்சப்பன்.

"மீனைக் கடைக்காரன் புடிச்சு வச்சுக்குவான், சும்மா இரு" என்றான் அர்த்தனாரி.

இருவரும் வேலையில் இறங்கினார்கள். அர்த்தனாரி டிவிக்குப் பின்னால் போய் முதுகைத் தட்டிப் பார்த்தான். நஞ்சப்பன் குனிந்து, மாட்டுக்கு வயசறியப் பல் பிடித்துப் பார்ப்பதுபோல, வயர் சொருகும் ஓட்டைகளில் விரலை விட்டு எண்ணினான். "நாலு பல்லு! நல்ல எளசு" என்று அறிவித்தான்.

விற்பனைக்காரப் பையன் ஓடி வந்தான். பெயர் திவாகர். கழுத்தில் அட்டை, முகத்தில் சிரிப்பு.

"வாங்கண்ணா. எல்.இ.டி பாக்கறீங்களா, கியூ.எல்.இ.டி-யா, ஓ.எல்.இ.டி-யா?"

"மூணுக்கும் சுழி என்ன?" என்றான் செங்கோடன்.

மாட்டுக்குப் பார்க்கிற முடிச்சுழி திவாகருக்குப் புரியவில்லை. ஆனாலும் நல்ல பையன், பொறுமையாக விளக்கினான். "எல்.இ.டி-ல திரைக்குப் பின்னாடி விளக்கு இருக்குங்க. விலை கம்மி. கியூ.எல்.இ.டி-லயும் பின்விளக்கு உண்டு, ஆனா நடுவுல ஒரு தாள் வரும், அதனால கலர் தூக்கலாத் தெரியும். பட்டப் பகல்ல ஜன்னல் தொறந்திருந்தாக்கூட பளிச்சுனு இருக்கும். ஓ.எல்.இ.டி-ல பின்விளக்கே கெடையாதுங்க. ஒவ்வொரு புள்ளியும் தானா எரியும், தானா அணையும். கறுப்புன்னா சுத்தக் கறுப்பு. விலைதான் மூணு மடங்கு."

"நில்லு, நில்லு" என்று செங்கோடன் கையை உயர்த்தினான். "வெளக்கு இருக்கறது கம்மி விலை. வெளக்கு இல்லாதது மூணு மடங்கு. உள்ள இருந்த வெளக்கையும் உருவிக்கிட்டு, எங்கிட்டயே காசும் கேக்கறயா? எந்த ஊர் ஞாயம்டா இது?"

"அண்ணா, அது வேற தொழில்நுட்பம்..."

"கொம்பை ஒடைச்சுட்டுக் கொம்புக்கும் சேத்து விலை சொல்றான் பாரு!" என்று அர்த்தனாரி எடுத்துக் கொடுத்தான்.

திவாகர் சளைக்கவில்லை. கியூ.எல்.இ.டி-யைப் பத்து நிமிஷம் புகழ்ந்தான். கலரைப் புகழ்ந்தான், வெளிச்சத்தைப் புகழ்ந்தான். புகழப் புகழச் செங்கோடனுக்கு அந்தச் சவுரி வால் கண்முன் ஆடியது. கியூ.எல்.இ.டி அங்கேயே செத்தது.

கடைசியில் திவாகர் குரலைத் தாழ்த்திக்கொண்டான். "அண்ணா, மறைக்காமச் சொல்லிடறேன். ஓ.எல்.இ.டி-ல ஒரு குறை இருக்கு. ஒரே படத்தை அசையாம நாள்கணக்குல நிறுத்தி வச்சீங்கன்னா, அந்த உருவம் திரையிலயே படிஞ்சுரும். அப்பறம் என்ன பண்ணினாலும் போகாது."

மூன்று தரகர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படியே நகர்ந்து, வாஷிங் மெஷின்களுக்கு நடுவே போய்க் குத்தவைத்து உட்கார்ந்தார்கள்.

"கேட்டியா? குறைங்கறான்" என்றான் செங்கோடன்.

"அவனாவே சொல்றான்" என்றான் அர்த்தனாரி.

"விக்கறவன் அவனாவே குறை சொல்றான்னா?"

"ஒளிக்கறான்!" என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

செங்கோடனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. "பூவரசு மூஞ்சிய ஒருதரம் புடிச்சு நிறுத்திட்டோம்னா, அப்பறம் போகாதாம்டா! அக்கா காலத்துக்கும் பாக்கலாம். கரண்டு போனாலும் பாக்கலாம். இப்படிப்பட்ட பொருளைக் குறைன்னு சொல்லி நம்ம தலையில சாதா டிவியக் கட்டப் பாக்கறான், களவாணி!"

"அதுவுமில்லாம, பூவரசு நம்ம குலத்துக் கறுப்பு. இதுலதான் சுத்தக் கறுப்பு வருது. மத்ததுல சாம்பலாத் தெரிஞ்சா அக்கா மனசு தாங்குமா?" என்றான் நஞ்சப்பன். அன்றைக்கு அவன் சொன்னதிலேயே அறிவுள்ள பேச்சு அதுதான்.

முடிவாயிற்று. செங்கோடன் எழுந்து போய், சந்தை வழக்கப்படி திவாகரின் கையைப் பிடித்து மேலே துண்டைப் போட்டு மூடினான். துண்டுக்குள் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்தி விலை கேட்டான். வீட்டிலிருந்து ஏதோ கெட்ட சேதி வந்திருக்கிறது, அதைச் சொல்லத்தான் இந்தப் பெரியவர் கையைப் பிடிக்கிறார் என்று திவாகர் வெளிறிப்போனான்.

"வாயால சொல்றதுன்னாச் சொல்லு. எவ்வளவு?"

"அ... அறுபத்தஞ்சு இன்ச் இருக்குங்கண்ணா."

"அறுபத்தஞ்சா! மனசாட்சி இருக்காடா உனக்கு? நாப்பது!"

"நாப்பதுல வராதுங்க. நாப்பத்திரண்டு இருக்கு."

"நாப்பத்திரண்டுக்கு முடி! அதுக்கு மேல ஒரு இன்ச் கேட்டாலும் நான் எந்திரிச்சுப் போயிருவேன்."

நஞ்சப்பன் பெருமையில் அர்த்தனாரியின் தொடையைக் கிள்ளினான். ஒரே மூச்சில் இருபத்து மூன்று குறைத்திருக்கிறான்!

"வாரண்டி மூணு வருஷம்ங்கண்ணா."

"ஒண்ணு."

"ஒண்ணாங்க? மூணு வருஷம் சும்மாவே தர்றோம்..."

"எனக்குக் கோவத்தக் கெளப்பாத. ஒரு வருஷத்துக்கு மேல ஒரு நாள்கூட ஒத்துக்கமாட்டேன்!"

"சரிங்கண்ணா" என்றான் திவாகர் மெதுவாக. "திரையிலருந்து ஆறடி தள்ளி உக்காந்து பாக்கோணும்."

"மூணு!"

"மூணடியில கண்ணு..."

"மூணடிக்கு மேல ஒரு விரக்கடை நகரமாட்டோம். இஷ்டம்னாக் குடு, இல்லாட்டி வேற கடையப் பாக்கறோம்."

திவாகர் விட்டுக்கொடுத்தான். இத்தனை வெற்றியில் மிதந்ததில், ரூபாய் எவ்வளவு என்று பேரம் பேசச் செங்கோடனுக்கு மறந்தே போயிற்று. காகிதத்தில் எழுதியிருந்ததை அப்படியே கொடுத்துவிட்டு வெளியே வந்து மீசையை முறுக்கினான்.

பெட்டியைக் குட்டியானை வண்டியில் ஏற்றும்போது திவாகர் வாசலில் நின்று கத்தினான். "படுக்க வச்சுராதீங்கண்ணா! வீடு போற வரைக்கும் நிமிந்தேதான் இருக்கோணும்!"

அது டிவிக்குச் சொன்னதா, கூடப் போகிறவர்களுக்குச் சொன்னதா என்று கேட்க நஞ்சப்பன் திரும்புவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது. எதற்கு வம்பு என்று, டிவிப் பெட்டி சௌகரியமாகச் சாய்ந்திருக்க, மூன்று பேரும் இருபது கிலோமீட்டர் தூரமும் உட்காராமல் நின்றுகொண்டே வந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஊரே திரண்டது. எண்பது பேர். செங்கோடன் டிவிக்கு முன்னால் மூன்று அடி அளந்து சுண்ணாம்பால் கோடு போட்டான். "பேசினது மூணடி. எல்லாரும் கோட்டுக்கு உள்ள!" என்று உறுமினான். எண்பது பேரும் ஒருவர்மேல் ஒருவராக, வைக்கோல் கட்டு அடுக்கியதுபோல மூன்றடிக்குள் ஏறினார்கள். வெளியே துருத்திக்கொண்டிருந்த கால்களை நஞ்சப்பன் சாட்டைக் குச்சியால் உள்ளே தள்ளினான். பாவாயிக்கு மட்டும் முன்வரிசை. அவள் மூக்கு திரையில் இடித்தது.

அர்த்தனாரியின் மகள் காலேஜில் படிக்கிறவள். தன் போனிலிருந்து இணைப்புக் கொடுத்து ஆட்டத்தை வரவழைத்தாள். "நடுப் பட்டனை அமுக்கினா நிக்கும், மறுபடி அமுக்கினா ஓடும். வேற எதையும் தொடாதீங்க. போனு இங்கயே இருக்கட்டும்" என்று செங்கோடனிடம் ரிமோட்டைத் தந்துவிட்டு ஹாஸ்டலுக்கு பஸ் ஏறினாள். ஊரிலிருந்த புத்தி அந்த பஸ்ஸோடு போயிற்று.

ஆட்டம் அனல் பறந்தது. கடைசி நிமிஷம். முப்பதுக்கு முப்பது. கடைசியாகப் பாடிப் போகிறவன் நம் பூவரசு! கோட்டைத் தாண்டினான், ஒரு காலைத் தூக்கினான். அவன் முகம் திரை முழுக்க வந்தது.

"நிறுத்துடா!" என்று பாவாயி அலறினாள்.

செங்கோடன் நடுப் பட்டனை அமுக்கினான். பூவரசு நின்றான். ஒரு கால் அந்தரத்தில், கண் பாதி மூடி, நாக்கு லேசாக வெளியே, தும்மப் போகிறவன் மாதிரி.

"என் தங்கம்!" என்று பாவாயி உருகினாள்.

"ஏப்பா, ஆட்டம் என்னாச்சு?" என்று குவியலின் அடியிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"ஆட்டம் எங்க போகுது? அதான் நிறுத்தி வச்சிருக்கேனே, கண்ணு தெரியல? மூஞ்சி படியட்டும். படிஞ்சதும் ஓட்டி விடறேன். அதுவரைக்கும் எல்லாரும் வீட்டுக்குப் போய் வேலையப் பாருங்க!"

நியாயமாகத்தான் பட்டது. ஊர் கலைந்தது.

ஒரே படம் படிந்துவிடக்கூடாதென்று நாலு நிமிஷத்துக்கு ஒருமுறை டிவி தானாகப் பூவரசை மறைத்துவிட்டுப் பனிமலையைக் காட்டியது. "ஐயோ, பையன் மலையேறிட்டான்!" என்று பாவாயி கத்துவாள். ஒருவன் ஓடி வந்து சத்தம் கூட்டுகிற பட்டனை அமுக்கினால் பூவரசு திரும்பி வருவான். ஆகவே மூவரும் முறை வைத்துக்கொண்டார்கள். ஒருவன் சத்தத்தைக் கூட்டுவது, அடுத்தவன் குறைப்பது. திங்கள் போயிற்று, செவ்வாய் போயிற்று. மாட்டுச் சந்தையும் போயிற்று.

"மூணு நாளா ஒத்தக் கால்லயே நிக்கறானேடா" என்று பாவாயி கவலைப்பட்டாள்.

"வெளையாட்டு ஒடம்புக்கா. தாங்கும்" என்றான் செங்கோடன். "நாளைக்குள்ள படிஞ்சுரும்."

புதன்கிழமை காலையில் வாசலில் ஆட்டோ வந்து நின்றது. தோளில் பை, கையில் வெள்ளிக் கோப்பையோடு பூவரசு இறங்கினான்.

"அம்மா! மாமா!"

செங்கோடன் அவனைப் பார்த்தான். திரையைப் பார்த்தான். கோபம் சுர்ரென்று ஏறியது.

"ஏண்டா, அங்க ஊர் மானம் ஒத்தக் கால்ல நிக்குது. ஆட்டத்தப் பாதியில விட்டுட்டு இங்க என்னடா வேலை உனக்கு?"

"மாமா, ஆட்டம் ஞாயித்துக்கெழமையே முடிஞ்சுருச்சு. நாமதான் ஜெயிச்சோம். முப்பத்திரண்டு!"

"முப்பத்திரண்டா?" செங்கோடனின் கை தானாகத் துண்டைத் தேடியது. "இருவத்தொம்பதுக்கு முடி!"

"மாமா, அவங்க முப்பது. இருவத்தொம்பதுன்னா நாம தோத்துருவோம்!"

"தோத்தாத் தோக்கட்டும், இருவத்தொம்பதுக்கு மேல ஒரு பைசா ஏறமாட்டேன்! அதுவும் மொதல்ல ஆட்டம் முடியட்டும். முடியாத ஆட்டத்துக்கு இவனாவே கோப்பை வாங்கிட்டு வந்துட்டான் பாருங்கடா!"

அர்த்தனாரியும் நஞ்சப்பனும் வெட்கத்தில் தலை குனிந்தார்கள். பூவரசு அம்மாவின் பக்கம் போய் நின்றான். "அம்மா, நீயாவது இந்தப் பக்கம் திரும்பு. ரெண்டு வருஷம் ஆச்சு என்னப் பாத்து."

பாவாயி திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் அவனைக் கையால் ஒதுக்கினாள். "தள்ளி நில்லு சாமி, என்ற பையன் மறைக்குது."

போய் ஆட்டத்தை முடித்துவிட்டு வா என்று, பத்தே நிமிஷத்தில் பூவரசை பஸ் ஸ்டாப்புக்கு இழுத்துப் போய் பஸ் ஏற்றினார்கள். பின்னாலேயே பாவாயி ஓடி வந்து, ஜன்னல் வழியாக அவன் மடியில் தூக்குப்போசியை வைத்தாள்.

"புளிச்சோறும் முட்டையும் இருக்குது. நாலு நாளா ஒத்தக் கால்ல நிக்கறான் பாரு, அவன் கையில குடுத்துரு. வழியில தொறந்துராத!"

பஸ் கிளம்பியது. ராத்திரியெல்லாம் பயணம் செய்து வந்தவனுக்குப் பசி குடலைப் பிடுங்கியது. தூக்குப்போசி மூடியைத் தாண்டிப் புளிச்சோற்று வாசனை வந்தது. பூவரசு ஒருமுறை மூடியில் கை வைத்தான்.

ஆனாலும் திறக்கவில்லை. என்ன இருந்தாலும் செங்கோடன் மருமகன் அல்லவா. அடுத்தவனுக்குக் கொடுத்தனுப்பிய சோற்றைத் தின்பானா? போசியை மடியில் இறுக்கிக்கொண்டு கண்டக்டரைக் கூப்பிட்டுக் கேட்டான்:

"அண்ணா, பஸ்ஸக் கொஞ்சம் வெரசா ஓட்டச் சொல்லுங்க. சோறு ஆறிப்போச்சுன்னா அவன் தின்னமாட்டான்."