சரிங்க சொல்பவன் போட்ட பூட்டு

கோவில்பட்டியில், யார் அதட்டினாலும் "சரிங்க" என்று சொல்லிவிடும் ஒரு பயந்தாங்கொள்ளி இருந்தான். அது நான்தான். தவமணி அண்ணாச்சியின் கடலைமிட்டாய்க் கடைக்கு இணையதளம் பார்த்துக்கொள்வது என் வேலை. வெளியூர் ஆர்டரெல்லாம் அந்தத் தளத்தின் முகவரியான இணையப் பெயரை நம்பித்தான் வருகிறது.

ஒருநாள், அண்ணாச்சியோடு சண்டை போட்டுப் பிரிந்துபோன பழைய கூட்டாளி ஆதிலிங்கம் காரில் வந்து இறங்கினார்.

"ஏய், அந்தப் பேரை இப்பவே என் கம்பெனிக்கு மாத்து. அண்ணாச்சியே சொல்லிட்டாரு."

"சரிங்கய்யா."

அவருக்கே ஆச்சரியம். "இவ்வளவு சுலபமா?"

"என் லட்சணம் எனக்குத் தெரியும்ங்கய்யா. யார் கேட்டாலும் தூக்கிக் கொடுத்துருவேன். அதனாலதான் பேரு வாங்கின அன்னைக்கே மாத்த முடியாதபடி பூட்டுப் போட்டுட்டேன். திறக்கிற எண் அண்ணாச்சி போனுக்குத்தான் போகும். இந்தாங்க, இப்பவே அவருக்கு அனுப்பிட்டேன். அவர்தான் சொல்லிட்டாரே, நீங்களே கேட்டு வாங்கிக்கோங்க."

அண்ணாச்சியை அழைத்து, பேர் மாற்றும் எண் வந்ததா என்று கேட்டு, ஸ்பீக்கரில் போட்டு நீட்டினேன்.

"எவம்லே என் கடைப் பேரை மாத்தச் சொன்னது?" என்று போன் அலறியது. ஆதிலிங்கம் வாசலில் விட்ட செருப்பை மறந்து காருக்கு ஓடினார்.

சாயங்காலம் அண்ணாச்சி என் முதுகில் தட்டினார். "கெட்டிக்காரன்லே நீ! இனிமே அந்த எண்ணு உன் போனுக்கே வரட்டும்."

"சரிங்க அண்ணாச்சி" என்று சொல்லி முடித்த பிறகுதான், இனி யார் அதட்டினாலும் அந்த எண்ணை நானே எடுத்துக் கொடுத்துவிடுவேனே என்பது எனக்கு உறைத்தது.