ஈட்டிக்கு ஊருக்கொரு பெயர் வந்த கதை

மனிதருக்கும் மீனுக்கும் பறவைக்கும் ஒரே பேச்சு இருந்த அந்தக் காலத்தில் நாரை மீன் தின்னாது. மீன்களின் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கும் பேன்களைக் கொத்தித் தின்றுதான் வயிறு வளர்த்தது. "நாரை வந்திருக்கேன்" என்று குரல் கொடுத்தால் போதும், கெண்டைகள் முண்டியடித்துக்கொண்டு முதுகைக் காட்ட வரும்.

அந்த ஆற்றங்கரை மனிதர்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. புதிதாக ஒரு பொருள் செய்தால், ஏதாவது ஓர் உயிரின் பெயரை அதற்குக் கேட்டு வாங்குவார்கள். அந்த உயிர் வந்து பொருளைத் தொட்டு, "என் பெயர் உனக்கு" என்று சொல்ல வேண்டும். பிறகு அந்தப் பெயரை மாற்றும் உரிமை கொடுத்தவருக்கு மட்டுமே உண்டு. கொடுத்தவர் சொன்னால் மறுபேச்சில்லாமல் மாற்றிவிடுவார்கள்.

அடுப்பிலிருந்து சட்டியை இறக்கும் இடுக்கிக்கு நண்டின் பெயர் கிடைத்திருந்தது. அதன்பிறகு நண்டின் அலட்டல் தாங்க முடியவில்லை.

"கேட்டியா நாரையக்கா? விடிஞ்சதிலிருந்து வீட்டுக்கு வீடு 'நண்டை எடு, நண்டை எடு'ன்னு ஒரே சத்தம். நான் இல்லாம இந்த ஊருல கஞ்சி இறங்காது போல!"

நாரைக்கு வயிறு எரிந்தது. சேற்று வளைக்குள் கிடந்து, நேராக நடக்கவும் தெரியாத இவனுக்கு இவ்வளவு பேரா? இத்தனை நீளக் கழுத்தும் அலகும் இருந்து என்ன பயன்? தண்ணீரில் தன் உருவத்தைப் பார்க்கும்போதுகூட அதற்கு நண்டின் நினைப்புதான் வந்தது.

ஒருநாள் சேந்தன் என்ற வேடன், நீண்ட கழியின் நுனியில் கூரிய கல் ஒன்றைக் கட்டிக்கொண்டு வந்தான். பொருள்களுக்குப் பெயர் கேட்டு வாங்கித் தருபவள் எழினி. அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எதுக்குப்பா?"

"குத்துறதுக்கு, அக்கா."

"அப்படின்னா இதுக்கு யாரு பேரு குடுப்பா?"

"நான் குடுக்கிறேன்!" நாரை சிறகடித்து வந்து இறங்கியது. "நல்லாப் பாருங்க, என் அலகேதான்!"

"யோசிச்சுக்க நாரை. இது அடுப்படியில கிடக்கிற சாமான் இல்லை" என்றாள் எழினி.

நண்டுக்குக் கிடைத்தது வெறும் அடுப்படிச் சாமான் என்று காதில் விழுந்ததே நாரைக்குப் போதுமானதாக இருந்தது. கல்லைத் தொட்டு, "என் பெயர் உனக்கு" என்றது.

அந்தக் கருவி மலைக்கும் காட்டுக்கும் கடற்கரைக்கும் போயிற்று. எங்கும் நாரையின் பெயர்தான். அது கழுத்தை நிமிர்த்திக்கொண்டு நண்டின் வளைக்கு முன்னால் உலாவியது. ஆனால் "நாரையை எறி!" என்ற குரல் எழும்போதெல்லாம் ஆற்றுத் தண்ணீர் சிவந்தது. ஒரு காலையில் "நாரை வந்திருக்கேன்" என்று அது கூப்பிட்டபோது, கெண்டைகள் எல்லாம் சிதறி ஓடின.

ஒரு கிழட்டுக் கெண்டை மட்டும் தூரத்தில் நின்று சொன்னது: "உன்மேல கோபம் இல்லை தாயி. அந்தப் பேரைக் கேட்டாலே உடம்பு தானா ஓடுது."

பட்டினியில் வாடிய நாரை எழினியிடம் வந்து அழுதது. எழினி எல்லோரையும் கரைக்குக் கூப்பிட்டாள்.

கெண்டை சொன்னது: "வேற என்ன பேரு வேணும்னாலும் வைங்க. ஆனா எல்லா ஊருக்கும் ஒரே பேரா இருக்கட்டும். அதைக் கேட்டா ஓடிக்கிறோம். மத்த நேரம் நிம்மதியா இருப்போம். நாரைகிட்டயும் வருவோம்."

"என் பேரையே இதுக்கும் வச்சுக்கங்க" என்றது நண்டு. "என்கிட்ட முதுகு காட்ட யாரு வர்றா? அடுப்படியில கூப்பிடுறது ஆத்துக்குள்ள கேக்கவும் போறதில்லை."

"என்ன மனசுடா உனக்கு!" என்று சேந்தன் வியந்தான். கூடியிருந்தவர்கள் எல்லாரும் நண்டையே பார்த்தார்கள்.

"நாரை, நீ சரின்னு ஒரு வார்த்தை சொல்லு" என்றாள் எழினி.

பசித்த வயிறு சரி என்றது. நெஞ்சு கேட்கவில்லை. அடுப்படியும் அவனுக்கு, வேட்டையும் அவனுக்கா?

"காலையில சொல்றேன்" என்றது நாரை.

விடியுமுன் அது பறந்தது. மலையில் இறங்கி, "கழி வெட்டின மரத்தோட பேரை வைங்க" என்றது. காட்டில், "அது செய்யற வேலையைச் சொல்லியே கூப்பிடுங்க" என்றது. கடற்கரையில், "அதை யார் கொண்டுவந்தாங்களோ அவங்க ஊர்ப் பேரைச் சொல்லுங்க" என்றது. வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னது. எந்த ஊரிலும் நண்டின் பெயர் வந்துவிடக் கூடாது, அவ்வளவுதான் அதற்கு வேண்டியிருந்தது. பெயர் கொடுத்தவரே சொன்னதால் எல்லோரும் மாற்றிக்கொண்டார்கள்.

உச்சிப்பொழுதில் நாரை ஆற்றுக்குத் திரும்பியது. "மாத்திட்டேன், வாங்க!" என்றது.

கெண்டை ஆழத்திலிருந்தே கேட்டது: "சந்தோஷம் தாயி. இனிமே எந்தப் பேரைக் கேட்டா நாங்க ஓடணும்?"

"மலைக்காரங்க இங்க வந்தா ஒண்ணு சொல்வாங்க. காட்டுக்காரங்க வேற சொல்வாங்க. அப்புறம்..." என்று இழுத்தது நாரை.

"அப்படின்னா எந்த வார்த்தையில அது வரும்னு தெரியாம எந்தக் குரலையும் நாங்க நம்ப முடியாது. இத்தனை பேரையும் வச்ச உன் குரலையும்தான்" என்று சொல்லி, கெண்டை இன்னும் ஆழத்தில் மறைந்தது.

அன்றிலிருந்துதான் அந்த ஆயுதத்துக்கு ஒவ்வொரு ஊரிலும் ஒரு பெயர். மனிதக் குரல் எதுவாக இருந்தாலும் மீன்கள் விலகி ஓடுவதும், கூப்பிட்டால் யாரும் வரமாட்டார்கள் என்று தெரிந்த நாரை தண்ணீரில் மூச்சுக் காட்டாமல் நின்று, தெரியாமல் வந்துவிடும் மீனைக் கொத்தித் தின்பதும் அன்றிலிருந்துதான்.